டீச்சர் பக்கத்துப் பிரேக்

அந்த வண்டிக்குப் பிரேக் இரண்டு. ஒன்று எல்லா வண்டியிலும் இருப்பதுபோல ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காருகிற டீச்சர் காலடியில். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் அப்படித்தான். பழகுகிற ஆள் பதறிப்போய் மரத்தைப் பார்த்து வண்டியை விட்டால், டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து எல்லார் உயிரையும் காப்பாற்ற வேண்டும். அந்தப் பிரேக்கை இயக்குகிற கம்பியிலேயே ஒரு மணியும் மாட்டியிருக்கும். டீச்சர் மிதித்தால் அது 'கீ' என்று கத்தும். லைசென்ஸ் டெஸ்டில், வண்டியை நிறுத்தியது ஓட்டியவனா டீச்சரா என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

இந்த 'கீ'தான் கண்ணாடிக்காரரின் தலையெழுத்து.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. கை அவ்வளவு சுத்தம். ஒரு மயிரிழை பிசகாது. அப்பேர்ப்பட்ட கைக்கு ஸ்டியரிங் மட்டும் படியவில்லை. நாற்பது வயதில் வண்டி பழகப் போனவர் நான்கு முறை டெஸ்டில் தோற்றார். நான்கு முறையும் அந்த மணிதான் காட்டிக்கொடுத்தது. ஐந்தாம் முறை தேறினார். தேறிய கையோடு, சொல்லிக்கொடுத்த டீச்சரையே கல்யாணம் செய்துகொண்டார். டீச்சரின் தம்பி மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். அவன் வாய் சும்மா இருக்குமா? "மாமா லைசென்ஸுக்குப் பயந்து அக்காவைக் கட்டிக்கிட்டாரு. இனி யாரு ஃபெயில் போடறது?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஃபெயில் போட ஆள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

கோடையில் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவு. கல்யாணமான முதல் கோடையில் இருவரும் அதே வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்கள். வேறு வண்டி ஏது? கூரைமேல் 'பழகுநர்' என்ற பலகையோடு, ஒரு ஃப்ளாஸ்க் டீயும் ரொட்டியும் அவித்த முட்டையுமாகப் போனார்கள். பின்னால் வந்தவனெல்லாம் பலகையைப் பார்த்துவிட்டுத் தள்ளியே வந்தான். "ராஜமரியாதை!" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. டீச்சர் வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஆறு நாள், காலை ஆறு மணியிலிருந்து ரோட்டையே பார்க்கிறவர். ஜன்னல் வழியாக ஒரு மரத்தைக்கூட ஆற அமரப் பார்த்ததில்லை. லீவிலாவது அவர் பயணியாக வரட்டும், காலை நீட்டிக்கொண்டு மலையைப் பார்க்கட்டும், நாம் ஓட்டுவோம் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். அந்த மலைக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. பதினான்காவது வளைவில் ஒரு அருவி இருக்கிறது, கோடையிலும் வற்றாது என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து டீச்சர் "ஆ!" என்று வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

முதல் வளைவிலேயே 'கீ'.

மேலே போய்ச் சேர்வதற்குள் அறுபத்து நான்கு 'கீ'. எண்ணியது கண்ணாடிக்காரர்தான். சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒன்று நியாயமான 'கீ'. பதினோராவது வளைவில் அவர் அகலமாகத் திருப்பிவிட, பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம் ஜல்லியில் இறங்கிவிட்டது. டீச்சர் மிதித்திராவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல வேலையே இருந்திருக்காது. மற்ற அறுபத்து மூன்றும் வெறும் பயம். வீட்டில் "ஏங்க, என்னங்க" என்று கூப்பிடுகிறவர், வளைவு வந்தால் "யோவ், மிதிய்யா!" என்று கத்தினார். அருவி வந்தது, போனது. "அங்க பாரு டீச்சர்!" என்று இவர் சொன்னதற்கு, "நீங்க ரோட்டைப் பாருங்க முதல்ல!" என்று பதில் வந்தது.

இரண்டாம் கோடையில் முப்பத்தொன்பது. அருவியை அந்த வருஷமும் டீச்சர் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரர் அசருகிற ஆளா? நான்கு முறை தோற்றுவிட்டு ஐந்தாம் முறை வரிசையில் போய் நின்றவர். ஒரு கிடங்குக்குப் பின்னால் காலி மைதானம் இருந்தது. தினமும் விடியற்காலையில், டீச்சர் முதல் மாணவருக்குத் தயாராவதற்குள், வண்டியை அங்கே கொண்டுபோய் பிளாஸ்டிக் பக்கெட்டுகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து ஓட்டினார். மழையானாலும் போனார், காய்ச்சலானாலும் போனார். பக்கெட்டுகள் உடைந்தன. "குளிக்கிறதுக்கு ஒண்ணாவது மிச்சம் வைங்க" என்றார் டீச்சர்.

ஒருநாள் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மண்டையில் உறைத்தது. கண்ணாடியை அழுத்தினால் உடையும். விட்டுப் பிடித்தால்தான் வளைவு வழுவழுப்பாக வரும். இத்தனை வருஷமாகக் கைக்குத் தெரிந்த விஷயத்தை வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதை விட்டார். அதற்குப் பிறகு பக்கெட் உடையவில்லை.

மூன்றாம் கோடை. "இந்த வருஷம் கால் அசையாது, சத்தியம்" என்று டீச்சர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். சொன்னபடியே வந்தார். ஒன்று, இரண்டு, பத்து, பதினெட்டு என்று வளைவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன, மணி வாயே திறக்கவில்லை. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். அருவிப் பக்கம் தலை திரும்பவில்லை. போகட்டும், முதலில் மணி ஓயட்டும் என்று கண்ணாடிக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார். இருபத்தொன்று முடிந்தது. கடைசி வளைவு. மேலே லாட்ஜின் தகரக் கூரைகூடத் தெரிகிறது.

'கீ'.

ஒரு நாய். ஐம்பதடி தள்ளி, ரோட்டு ஓரத்தில். அது குறுக்கே வரக்கூட இல்லை ஐயா, படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில், திறக்காத ஒரு ஜன்னல். கண்ணாடிக்காரர் பெட்டியைக் கீழே போட்ட வேகத்தில் அதன் கைப்பிடி கழன்று வந்தது.

"தூங்கற நாய்க்கு எதுக்கு டீச்சர் பிரேக்கு? அது எந்திரிச்சு வந்து நம்மள இடிச்சுடுமா?"

"நான் மிதிக்கலங்க. கால் மிதிச்சிடுச்சு."

"கால் யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா நான் சொன்னா கேக்க மாட்டேங்குதே. பதினாறு வருஷமா அதுக்கு ஒரே வேலைதானே?"

அது உண்மைதான். பஸ்ஸில் போனாலும் டீச்சரின் கால் தரையை மிதிக்கும். டிவியில் கார் துரத்துகிற காட்சி வந்தால் சோபாவுக்குக் கீழே மிதிக்கும். தூக்கத்தில் கண்ணாடிக்காரர் வாங்கிய உதைக்குக் கணக்கே கிடையாது. அதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆறவில்லை.

"வீட்ல எல்லாத்துக்கும் என்னை நம்பற. வண்டியில ஏறினா மட்டும் நான் கொலைகாரன் ஆயிடறேன். அதான் எனக்குப் பொறுக்கல" என்றார்.   அந்த லீவில் இரண்டு நாள் இருவரும் உப்பு எங்கே, துண்டு எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

இறங்கி வந்ததும் மறுநாள் விடியற்காலையில் கண்ணாடிக்காரர் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்த டீச்சர், இந்த மனுஷன் விடப்போவதில்லை என்று புரிந்துகொண்டார். விடாக்கண்டனுக்கு வாழ்க்கைப்பட்டாயிற்று, என்ன செய்வது?

நான்காம் கோடைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, "ஆயில் மாத்திட்டு வரேன்" என்று டீச்சர் வண்டியைத் தம்பி ஷெட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் தம்பியே வழியனுப்ப வந்துவிட்டான். வழக்கமாகக் கிண்டலும் கேலியுமாக நிற்கிறவன், அன்றைக்குக் கண்ணாடிக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பார்த்துப் போங்க. நிதானமாப் போங்க மாமா."

"என்ன மச்சான், ஆயில் மாத்தினதுக்கே இவ்வளவு பாசமா?" என்றார் அவர். தம்பி சிரிக்கவில்லை.

அடிவாரம் வரை டீச்சர் ஓட்டினார். பிறகு இறங்கி இடம் மாறிக்கொண்டார்கள். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"வண்டியை எடுங்க."

எடுத்தார். முதல் வளைவை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடித்தார். இரண்டாவதும் அப்படியே. மணி கத்தவில்லை. பதினொன்றில், ஒருகாலத்தில் சக்கரம் இறங்கிய அதே ஜல்லியைத் தொடாமல் திரும்பினார். பதினான்கில் அருவி இரைந்தது. "டீச்சர், அருவி" என்றார் மெதுவாக. டீச்சர் திரும்பவில்லை. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சரி, கேட்காதே, ஓட்டு என்று கண்ணாடிக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தொன்பதாவது வளைவில் சோதனை வந்தது. மேலிருந்து ஒரு லாரி, முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு, ஹாரன்கூட அடிக்காமல் திரும்பியது. கண்ணாடிக்காரருக்கு ஈரக்குலை நடுங்கிப்போயிற்று. ஆனால் கை நடுங்கவில்லை. பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்தி, லாரிக்காரன் கையைக் காட்டக் காட்ட, பின்னால் பள்ளம் இருக்கிற ரோட்டில் பன்னிரண்டு அடி ரிவர்ஸ் எடுத்து மலையோரமாக ஒதுக்கிக் கொடுத்தார். லாரி உரசாமல் கடந்தது. லாரிக்காரன் கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, "பழகறவர்னு போட்டிருக்கு, பெரிய ஆளா இருக்கீங்களே!" என்று கத்திவிட்டுப் போனான்.

மணி கத்தவில்லை! லாரிக்குக்கூடக் கத்தவில்லை!  இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்! ஒரு 'கீ' இல்ல! ஒண்ணே ஒண்ணுகூட இல்ல!"

கீழே குதித்து, ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். டீச்சர் இறங்கவில்லை.

"கால் பிடிச்சுக்கிச்சுங்க" என்றார். முகம் வலியில் சுருங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. செருப்பின் வார் அறுந்திருந்தது. அவர் தேய்த்துவிடத் தேய்த்துவிட, டீச்சரின் கால் பிரேக்மேல் பட்டது. பிரேக் தரை வரைக்கும் போயிற்று. மணி கத்தவில்லை. கையாலேயே அழுத்திப் பார்த்தார். ஒன்றோடும் ஒட்டாமல் லொடலொடவென்று ஆடியது.

"கம்பி எங்க?"

"தம்பிகிட்ட இருக்கு. முந்தாநேத்து கழட்டச் சொன்னேன்... இல்ல, நேத்து. நாளே மறந்துபோச்சு எனக்கு."

"அப்போ... நீ மிதிச்சியா?"

"மிதிக்காம? முப்பதுக்கு மேல. லாரிக்கு மட்டும் ஏழெட்டு. பிரேக் இல்லைன்னு தெரிஞ்சதும் இந்தக் காலுக்கு வெறியே பிடிச்சிடுச்சு."

கண்ணாடிக்காரருக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. கட்டிய கோட்டை இடிந்த மாதிரி அப்படியே உட்கார்ந்தார். அடுத்த நொடி, விஷயம் முழுசாக உறைத்தபோது, டீச்சரின் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கம்பி இல்லாமலா இருபத்திரண்டு வளைவும் வந்தோம்? அந்த லாரி... அந்தப் பள்ளம்... ஏதாவது ஆகியிருந்தா? பைத்தியமா நீ?"

"ஆகலையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா உங்க காலும் நடுங்கியிருக்கும். என் கால் நடுங்கினா போதும்னுதான் சொல்லல." டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கால் உங்களை நம்பாதுங்க. இனிமே நம்பவும் போறதில்ல. ஆனா நான் நம்பறேன். அதான் கழட்டச் சொன்னேன்."

 கண்ணாடிக்காரர் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, அதனால் அது பாட்டுக்கு வழிந்தது. லாட்ஜ்காரர் எட்டிப்பார்த்துவிட்டு, ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கினார்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், வண்டி தானே ஓடப் பார்க்கும். கண்ணாடிக்காரர் சாவியை நீட்டினார்.

"நீயே ஓட்டேன் டீச்சர். பாவம், உன் காலுக்கு ஒரு வேலை கிடைச்ச மாதிரி இருக்கும்."

"எனக்குக் கால் வலிக்குது. நீங்களே ஓட்டுங்க."

சொன்னவர் செருப்பைக் கழற்றிப் பின் இருக்கையில் எறிந்தார். இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இடம் போதாமல் முழங்கால் கியரில் இடித்தது. கண்ணாடிக்காரர் சகித்துக்கொண்டு கியரைப் போட்டார்.

இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது என்று வளைவுகள் கீழிறங்கின. முதல் சில வளைவுகளுக்கு, மடக்கி வைத்த கால் துள்ளியது. டீச்சர் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினாறு தாண்டியதும் கையை எடுத்துவிட்டார். அவித்த முட்டை ஒன்றை உரித்து, பாதியை அவர் வாயில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஐயோ! ஏங்க, இங்க பாருங்க, எவ்வளவு பெரிய அருவி! இது எப்பங்க வந்துச்சு?"

கண்ணாடிக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு வருஷமா இங்கதான் இருக்கு டீச்சர்" என்றார்.