வெறும் நகம்

"இந்த மஞ்சள் ஷேர்ட்டுக்கு வைன் கலர் கியூட்டெக்ஸ்தான் அக்கா. கையக் குடுங்க" என்று சர்மிளா நகப்பூச்சுப் போத்தலைக் குலுக்கிக்கொண்டே வந்தபோது, நுஹா இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான், பிரம்புக்குப் பயந்த பிள்ளை மாதிரி ஒளித்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

கடை கண்டியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. பேல் கட்டுகளாக வரும் பழைய உடுப்புகளைப் பிரித்து, துவைத்து, அயன் பண்ணி விற்பது தொழில். கடை நுஹாவுடையது, எதை எதோடு சேர்ப்பது என்று பார்க்கும் கண் ஹந்தானையிலிருந்து வேலைக்கு வரும் சர்மிளாவுடையது. எவனோ ஒரு தடியன் போட்டுக் கழித்த ஷேர்ட்டை எடுத்து, கையை மூன்று மடிப்பு மடித்து, முன்பக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, கீழே பூப்போட்ட பாவாடை ஒன்றை வைத்தாளானால் போதும், கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் உடுப்பை ஒவ்வொன்றாக அடுக்குவதை மேலிருந்து வீடியோ எடுத்து கடையின் இணையப் பக்கத்தில் ஸ்டோரியாகப் போடுவார்கள். முகம் காட்டுவதில்லை என்பது நுஹா முதல் நாளே சொல்லிவிட்ட நிபந்தனை. தெரிவது கைகள் மட்டும், அதுவும் நுஹாவின் கைகள். சர்மிளா நகம் கடிக்கிறவள். தன் விரலைப் பார்த்தால் வாங்க வந்தவர்களும் படியிறங்கி ஓடிவிடுவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கியூட்டெக்ஸ் பூசிய நகத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழு சேராது, வுழு இல்லாவிட்டால் தொழுகை இல்லை. ஆகவே தொழுகை இல்லாத அந்த மாதாந்த நாட்கள்தான் நுஹாவின் நகங்களுக்குப் பெருநாள். பதினாலு வயதிலிருந்து அப்படித்தான். வயிற்றுவலியோடு கூட வருகிற ஒரு சின்னச் சந்தோஷம், பச்சையோ நீலமோ பூசி விரலை விரித்துப் பார்ப்பது. கல்யாணம் முடித்து நாலு வருசமாகியும் பிள்ளை தங்காமல் போனதில், அந்த நகமே மடவளையில் கணவன் வீட்டில் அறிவித்தல் பலகையாகிவிட்டது. மாமி வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை பிடித்து அழுது தீர்த்திருக்கலாம். காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது விரல்களைப் பார்ப்பார். நிறம் இருந்தால், "சீனி கூடிப்போச்சு" என்பார். சீனி கூடியிருக்காது. நிறமே பூசாமல் ஒரு மாதம் இருந்து பார்த்தாள் நுஹா. அந்த மாதம் மாமி தொழுகை விரிப்பு விரிக்கப்படுகிறதா என்று பார்த்தார்.

இன்றைக்கு நாள் தவறிப் பன்னிரண்டு. இதற்கு முன் இரண்டு தரம் இப்படித் தள்ளிப்போய், பரிசோதனைப் பெட்டி வாங்கி, இரண்டு தரமும் ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள்ளேயே அழுதிருக்கிறாள். இந்தத் தரம் வாங்கிய பெட்டி ஐந்து நாளாகக் கைப்பையின் அடியில் கிடக்கிறது. கணவன் நுஸ்கியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் மலரும். பிறகு அந்த மலர்ச்சியை அவள்தான் திருப்பி வாங்கவேண்டும். மாமிக்குச் சொல்லவே தேவையில்லை, அவர் நாள் எண்ணுகிறவர். மூன்று நாளாகத் தேத்தண்ணியோடு ஒரு பீரிசுத் தட்டில் பேரீச்சம்பழம் வருகிறது. துணி ஊறப்போட்ட வாளியைத் தூக்கப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்.

இந்த நேரத்தில் நிறம் பூசினால், போய் அழைத்துக்கொண்டு வந்த மாதிரி தள்ளிப்போனது வந்துவிடும் என்று பயம். பைத்தியக்காரப் பயம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தென்ன?

"இன்டைக்கு வேணாம் சர்மிளா."

"ஒரே ஒரு பூச்சுத்தான் அக்கா. போன மாசம் பச்ச போட்டீங்கதானே."

"ஏலா என்டு சொன்னேன்தானே!"

குரல் உயர்ந்துவிட்டது. சர்மிளாவுக்கு நாள் கணக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு மனம் வந்தால் பூசுவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முகம் சுருங்கி நின்றவள், கொஞ்ச நேரத்தில் தானே சமாதானமானாள். "சரி விடுங்க. நான் ஒட்டு நகம் ஒட்டிப் பூசிக்கிறேன். வளையலையாச்சும் குடுங்க, என் கை மொட்டையா இருக்கு."

தப்பித்தோம் என்ற நிம்மதியில் நுஹா இரண்டு மெல்லிய வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள். கல்யாணத்தன்று மாமி போட்டுவிட்டவை. வீடியோ எடுத்து முடிந்ததும் மறக்காமல் திருப்பி வாங்கிப் போட்டும் கொண்டாள்.

மாலை மடவளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறந்து கடையின் ஸ்டோரியைப் பார்த்தாள். மஞ்சள் ஷேர்ட், பூப்போட்ட பாவாடை, அவற்றைத் தடவிச் சரிசெய்யும் நீள நகங்கள் பத்திலும் வைன் நிறம், மணிக்கட்டில் அவளுடைய வளையல்கள். யார் பார்த்தாலும் நுஹாவின் கை. மாமி பார்த்தாலும்.

மாமியும் போன்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கடை போடும் எதற்கும் முதல் இதயத்தை அமுக்குகிறவர். இன்று பார்த்தவர்கள் வரிசையில் அவருடைய பெயர் மேலேயே இருந்தது. இதயம் இல்லை. நுஹா சர்மிளாவுக்கு அழைத்தாள்.

"அந்த வீடியோவ அழி."

"ஐயோ, ஏன் அக்கா? அஞ்சு பேரு ஷேர்ட்டு கேட்டுட்டாங்க. நான் என்னா தப்பு செஞ்சேன்?"

சனம் நெருங்கி நிற்கும் பஸ்ஸில் இதை எப்படி விளக்குவது? "ஒன்ட தப்பு இல்ல. அழி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது.

வீட்டில் மாமி அவளுடைய கையைப் பார்க்கவில்லை. நாலு வருசத்தில் முதல் தடவையாக, வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தார். மேசையில் பேரீச்சம்பழப் பீரிசு இல்லை. "இஞ்சி போட்டு தேத்தண்ணி வச்சீக்கிறேன் மகள். குடிச்சிட்டு கொஞ்சம் சாஞ்சுகொள்ளுங்க" என்றார். கண்ணிமைகள் தடித்திருந்தன. அறைவாசல் வரை கூட வந்து, "அல்லா நாடணும். மனச விடாதீங்க" என்று முதுகைத் தடவினார்.

நுஹா அபாயாவின் கைக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மாமி நினைத்ததே இருக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஏழு நாளைக்கு யாரும் எண்ணமாட்டார்கள். பயப்படுவதைத் தனியாக, நிம்மதியாகப் பயப்படலாம். பிறகு வந்தாலும் யாருக்கும் புதிதாக அழ ஒன்றுமிருக்காது. ஆசையாகத்தான் இருந்தது. இஞ்சித் தேத்தண்ணி தொண்டையில் சுட்டுக்கொண்டு இறங்கியது.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பேசாமல் இருப்பதென்றால் தொழாமலும் இருக்கவேண்டும். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பிள்ளையைக் கேட்டு ஐந்து வேளையும் கையேந்துகிறவள், கேட்கிற இடத்துக்கே போகாமல் ஏழு நாள் ஒளிந்திருப்பதா? எழுந்து அபாயாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

"எங்க மகள் போறீங்க?" மாமி பின்னாலேயே வந்தார். வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நுஹா சட்டைக் கையைச் சுருட்டி, குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள். பத்து நகமும் வெறுமையாகத் தண்ணீரில் நனைந்தன.

"அது சர்மிளாட கை, மாமி" என்றாள் திரும்பாமல். "எனக்கு இன்டைக்குப் பன்னெண்டு..."

"சொல்லாதீங்க!" மாமியின் குரல் கிறீச்சிட்டது. "எனக்கு ஒண்டும் சொல்லாதீங்க மகள். பகல் முழுக்க அழுது முடிச்சீக்கிறேன். இனித் திரும்ப ஆசப்பட எனக்கு ஏலா."

இத்தனை காலமும் கோப்பைக்கு மேலாகத் தன் விரலைப் பார்த்த கண்களில் இருந்தது வேவு இல்லை, தன்னுடைய அதே பயம்தான் என்று நுஹாவுக்குப் பட்டது.

"எனக்கும் ஏலா மாமி" என்றாள்.

சுருட்டிய சட்டைக் கை நழுவி முழங்கையிலிருந்து இறங்கப் பார்த்தது. மாமி வந்து, அது நனையாமல் இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாங்கு ஓய்ந்துவிட்டது. தண்ணீரை வீணாக்கினால் வீட்டையே இரண்டாக்குகிற மாமி, குழாய் தன் பாட்டுக்கு ஓட, பார்த்துக்கொண்டு நின்றார்.