முட்டைக்கு வந்த கயோட்டி

எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை ஒரு நாள் கூடுதலாக வாசலில் விட்டுவைத்தாலே கடிதம் வந்துவிடும். எழுதுவது நான்தான். வீட்டுக்காரர் சங்கச் செயலாளர், கிரிசெல்டா மொந்தேஸ் என்று கீழே கையெழுத்து இருக்கும். மூன்று வீடு தள்ளி இருக்கும் சொந்தத் தங்கைக்கே இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அவள் அதோடு கிறிஸ்துமஸுக்குத் தமாலே பலகாரம் கொடுத்தனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். எனவே மார்வினின் நாயைக் கயோட்டி கவ்விக்கொண்டு போனபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

கயோட்டி எங்களுக்குப் புதிதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறோம். நரியைவிடப் பெரிசாக, ஓநாயைவிட ஒல்லியாக, விடியற்காலையில் நடைபாதையில் அதுபாட்டுக்கு நடந்து போகும். கையைத் தட்டினால் ஓடிவிடும். மரத்தடியில் பழத்தை விடாதீர்கள், பூனைச் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், என்ன ஆனாலும் அதற்குத் தீனி போடாதீர்கள் என்று வருடா வருடம் நான் கடிதம் எழுதுவது வழக்கம்.

இது மட்டும் பட்டப்பகலில் வந்தது. இடது காது கிழிந்த பெட்டை. கையைத் தட்டினால் நின்று, இவளுக்கு என்ன கேடு என்பதுபோல் பார்த்தது. மார்வின் ஹாட்ஜ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இறந்த பிறகு பீனட் என்ற அந்தச் சின்ன நாய்தான் அவருக்குப் பேச்சுத் துணை. பகல் பதினோரு மணிக்கு, தோட்டக் குழாயை மூட அவர் திரும்பிய நேரத்தில் கயோட்டி சுவரேறிக் குதித்து பீனட்டைக் கொண்டுபோய்விட்டது.

சங்கக் கூட்டத்தில் மார்வின் எழுந்து, "கிரிசெல்டா, குப்பைத் தொட்டிக்கெல்லாம் லெட்டர் போடுறியே, இதுக்கும் ஒண்ணு போடேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பொறி வைப்பவரைக் கூப்பிடுவதென்று முடிவானது. காலடித் தடமெல்லாம் எங்கள் வீட்டுப் பின்சுவரில்தான் வந்து முடிந்தது, அதனால் கூண்டை எங்கள் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். பொறி வைப்பவரிடமிருந்து இரண்டு பக்க ஒப்புதல் தாள் ஒன்று வந்தது. ஊரில் எல்லோரையும் ஒவ்வொரு வரியாகப் படிக்க வைக்கிற நான், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கையெழுத்துப் போட்டேன். பிடித்து மலையில் கொண்டுபோய் விடுவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வீட்டில் என் கணவன் எலியுதேரியோவிடம் சொன்னேன். முப்பது வருடம் கூரை வேலை பார்த்தவன். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் 'ஆமா', 'இல்ல' இரண்டும்தான் மிச்சம். அவனுடைய சக்கர நாற்காலி சமையலறை ஜன்னலோரம், தோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வரும்வரை அவனுக்கு அந்த ஜன்னல்தான் உலகம்.

"கூண்டு வைக்கப் போறாங்க, கிழவா."

"இல்ல."

"இல்லையா? மார்வின் நாயைத் தின்னுருக்கு அது."

"இல்ல, இல்ல, இல்ல." இடது கையால் நாற்காலியை அடித்தான். அழுதான்.

நோய் வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் அழுவான். டாக்டரும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். எனக்குச் சலிப்பாக இருந்தது. "மலைக்குத்தான் கொண்டுபோவாங்க, சும்மா இரு" என்று அதட்டிவிட்டு வழக்கம்போல மறுநாளைக்கு இரண்டு முட்டை அவித்து வைத்தேன். இடது கைக்குப் பயிற்சியாக, முட்டை ஓட்டை அவனே உரிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள். எட்டு மாதமாக நான் வேலையிலிருந்து வரும்போது தட்டு காலியாகத்தான் இருந்தது. கால்சட்டை மட்டும் இடுப்பில் நிற்காமல் தொளதொளத்தது. நோய்தான் ஆளை உருக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பொறி வைக்கும் ட்வெய்ன் வந்தார். கோழித் துண்டைக் கூண்டுக்குள் கட்டிவிட்டு, "இப்பவே சொல்லிடறேன் மேடம், கயோட்டி லேசுல கூண்டுக்குள்ள வராது. மாசக்கணக்காகும். வராமலே போனாலும் போகும்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அது கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. மோதவில்லை, கடிக்கவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ட்வெய்ன் வந்து பார்த்தார். அவருக்குச் சந்தோஷமே இல்லை. "ஒரே நாள்லயா? யாரோ தீனி போட்டுப் பழக்கியிருக்காங்க, மேடம்." சொல்லிவிட்டு அவரும் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே ஜெரேனியச் செடிகளுக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு கிடந்தது, எட்டு மாதத்துக் குவியல்.

"எந்த மலைக்குக் கொண்டுபோவீங்க?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"மலைக்கா? ரெண்டாவது பக்கம் படிக்கலையா? இங்க சட்டப்படி வேற இடத்துல கொண்டுபோய் விடக் கூடாது. பிடிச்ச இடத்துலயே திறந்து விடணும். இல்லன்னா கொல்லணும். உங்க தாள்ல கொல்லணும்னுதான் இருக்கு. கையெழுத்து உங்களோடது."

உள்ளே எலியுதேரியோ ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துச் சுவருக்கு மேலே மார்வினின் தலை தெரிந்தது. "என்ன பேச்சு அங்க? சீக்கிரம் முடிங்க" என்றார்.

இந்தப் பக்கம் திரும்பினால் மார்வின், அந்தப் பக்கம் கண்ணாடி, நடுவில் கூண்டு. எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. என் தோட்டத்தில் நின்றுகொண்டு நான் எங்கே ஓடுவேன்? பேசாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கண்ணாடிச் சத்தம் நிற்கவில்லை.

"மார்வின்," என்றேன். "இது தானா துணிஞ்சு வரல. எலியுதேரியோ முட்டை போட்டுப் பழக்கியிருக்கான். அவன் சாப்பிடற முட்டையை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "எத்தனை நாளா?" என்றார்.

"எட்டு மாசம். எனக்கு இப்பதான் தெரியும்."

"இப்பதான் தெரியுமா? தெருவுல எவன் தொட்டி எங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியும். உன் வீட்டு ஜன்னல்ல என்ன நடக்குதுன்னு மட்டும் தெரியாது."

உள்ளே போய் எலியுதேரியோவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தேன். தோட்டத்துக்கு அவன் வருவது எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு நாளாவது வெளியே கூட்டிவந்திருந்தால் அந்த முட்டை அவன் வயிற்றுக்குள் போயிருக்குமோ என்னவோ. அவனைக் கண்டதும் கயோட்டி எழுந்து கம்பியோரம் வந்தது.

"திறந்துவிட்டா என்ன ஆகும்?" என்று ட்வெய்னைக் கேட்டேன்.

"நாளைக்கே இங்க வந்து நிக்கும். அப்புறம் நான் கூண்டோட வர மாட்டேன், துப்பாக்கியோட வருவேன்."

"வராம இருக்கணும்னா?"

"பயப்படணும். நீங்க, நானெல்லாம் விரட்டினா பத்தாது. தீனி போட்டவரு விரட்டணும்."

மார்வின் சுவரிலிருந்து மறைந்தார். வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது அவர் கையில் பீனட்டின் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, கனமான எஃகுக் கிண்ணம். அதை எலியுதேரியோவின் மடியில் வைத்தார்.

"அதைக் கொல்லுன்னும் என்னால சொல்ல முடியல, விடுன்னும் சொல்ல முடியல," என்றார். "நீதானே வளர்த்தே. நீயே விரட்டு."

எலியுதேரியோ கிண்ணத்தைப் பார்த்தான். "ஆமா" என்றான், காதில் விழாத அளவுக்கு.

ட்வெய்ன் கூண்டைத் திறந்தார். அது ஓடவில்லை. நிதானமாக வெளியே வந்து, நாற்காலிக்கு முன்னால் நாலடி தள்ளி உட்கார்ந்து, கிழிந்த காதை நிமிர்த்திக்கொண்டு முட்டைக்காகக் காத்திருந்தது.

"கிழவா, அடி" என்றேன்.

"இல்ல."

"அடிடா. அடிக்கலன்னா அது செத்துடும்."

அவன் இடது கை கிண்ணத்தைத் தூக்கியது. கூரையிலிருந்து உடைந்த ஓட்டைக் கீழே எறியுமுன் முப்பது வருடம் அவன் கத்திய கத்தல் ஒன்று உண்டு. எட்டு மாதமாகச் செத்துக்கிடந்த தொண்டையிலிருந்து அது முழுசாக வந்தது.

"கீழ பாத்து!"

கிண்ணம் அதன் தோளில் பட்டது. வீலென்று கத்திக்கொண்டு ஒரு கணம் அவனைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த கணம் சுவரைத் தாண்டியிருந்தது. மார்வின் குனிந்து கிண்ணத்தை எடுத்து, மேல்சட்டையால் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

அன்று மதியம், கயோட்டிக்குத் தீனி போட்டதற்காக எங்கள் விலாசத்துக்கே ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். வேலையை ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டேன். மாலையில் அவனை நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகிறேன். போகும் வழியில் மார்வின் வீட்டு வாசலைத் தாண்டும்போது நானும் அவனும் தரையைப் பார்த்துக்கொள்வோம்.

மூன்றாவது வாரம், ஒரு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் கயோட்டி பின்சுவர்மேல் நின்றிருந்தது. எலியுதேரியோ பாதி உரித்த முட்டையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டி விரட்ட நான் பாத்திரத்தை எடுக்க ஓடினேன். அதற்குள் அவன் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து ஜன்னல் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தான். அது போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தான். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போயிடுச்சு, கிழவா. சாப்பிடு."

"இல்ல" என்றான். ஜன்னலைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினான்.