காலிப் பக்கத்துக்கு ஐந்து மதிப்பெண்

புது மேடம் பச்சைப் பேனாவைத் திறந்தபோது காலை பத்து மணி. எதிரே அறுபத்து நான்கு விடைத்தாள்கள். பதினொன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டாள். ஒரு தாளைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

மருந்துக்கடை உதவியாளர் பட்டயப் படிப்பு அது. படிப்பு பல்கலைக்கழகத்துடையது; நடத்துவது இந்த இணைப்புக் கல்லூரி. முத்திரை அங்கே, வகுப்பு இங்கே, மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில். தாளின் முகப்பில் இரண்டு வரிசைக் கட்டங்கள் இருக்கும். மேல் வரிசையில் துறைப் பொறுப்பாளர் சிவப்பு மையில் மதிப்பெண் போடுவார். கீழ் வரிசையில் இரண்டாவது ஆசிரியர் தாளைத் தானும் படித்துவிட்டுப் பச்சை மையில் போடவேண்டும். பல்கலைக்கழகத்தின் விதி அப்படி. பொறுப்பாளரின் விதி வேறு.

"அதே மார்க்கைப் போட்டுடாதீங்க, காப்பி அடிச்ச மாதிரி இருக்கும். இங்க ஒண்ணு கூட்டுங்க, அங்க ஒண்ணு குறைங்க. எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சா எப்ப வீட்டுக்குப் போறது?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் கற்றுக்கொடுத்த பாடம் இது. இரண்டு வருடமாகியும் அவளுக்குப் புது மேடம் என்ற பெயர் போகவில்லை. நாடுவிட்டு வந்தவள். இங்கே தங்கி வேலை பார்க்க வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். அதற்குப் பொறுப்பாளரின் கடிதம் வேண்டும். அதனால் கூட்டச் சொன்ன இடத்தில் கூட்டினாள், குறைக்கச் சொன்ன இடத்தில் குறைத்தாள்.

நான்கு மாதம் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து தர ஆய்வாளர் வரும் நாள். மேசைகளுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவளுடைய கடிதம் பொறுப்பாளரின் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. "அந்த ஆளு வந்துட்டுப் போகட்டும், போட்டுத் தரேன்" என்றிருந்தார். அனுமதி முடிய ஒன்பது நாள் இருந்தது.

ஆய்வாளர் வருவதற்கு முன்பே ஒரு மாணவி வந்தாள். கதவைத் தட்டவில்லை. தன் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"மேடம், இது என் தாள்தானே?"

"ஆமா. அதான் பாஸ் ஆயிட்டியே, இன்னும் என்ன?"

"அஞ்சாவது கேள்வியைப் பாருங்க."

குழந்தையின் எடையை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடும் கேள்வி. பக்கத்தின் மேலே ஐந்து என்று கேள்வி எண் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை. முகப்பில் சிவப்பில் ஆறு. பச்சையில் ஐந்து.

"ஒண்ணுமே எழுதாத பக்கத்துல சாருக்கு ஆறு மார்க் தெரிஞ்சிருக்கு, உங்களுக்கு அஞ்சு. அந்த ஒரு மார்க்கை எதுக்குக் குறைச்சீங்க மேடம்? பேப்பர் சரியா வெள்ளையா இல்லையா?"

பொறுப்பாளர் உள்ளே வந்தார். "மார்க் அதிகமா வந்துச்சுன்னு சண்டைக்கு வந்த முதல் ஆளு நீதாம்மா. போய்ப் பொழப்பைப் பாரு."

"பொழப்பு நேத்தோட போச்சு சார். நாலு வயசுக் குழந்தைக்குப் பெரியவங்க அளவுல மருந்து ஊத்திக் கொடுத்துட்டேன். கடைக்காரர் வாசலுக்கு ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கினார். 'எந்தக் காலேஜ்டி உன்னைப் பாஸ் போட்டது'ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டார். எனக்கு அந்தக் கணக்கு வராதுன்னு எனக்கே தெரியும். ஃபெயில் போட்டிருந்தா மறுபடி உட்கார்ந்து கத்துக்கிட்டிருப்பேன்ல?"

"அது உன் கவனக்குறைவு. வெளியில வாயைத் திறந்தே, பட்டயம் கைக்கு வராது. ஞாபகம் வெச்சுக்க."

மாணவி நகலை மேசையில் அறைந்தாள். "இதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

"திமிர் பிடிச்ச கழுதை" என்றார் பொறுப்பாளர். நகலை எடுத்துப் புது மேடத்தின் கையில் திணித்தார். "கிழிச்சுப் போடுங்க. அசலை நான் கட்டுலேருந்து உருவிட்டேன்."

ஆய்வாளர் பதினொரு மணிக்கு வந்தார், ஒரு மணி ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே. பொறுப்பாளர் பொறுக்கி வைத்திருந்த பன்னிரண்டு தாள்களின் முகப்பை மட்டும் புரட்டினார்.

"ரெண்டு பேர் மார்க்கும் அருமையா ஒத்துப்போகுது. இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

எல்லாத் தாள்களையும் தானே படித்துத் திருத்தியதாக உறுதிமொழி. பொறுப்பாளர் அவளுடைய கடிதத்தை இழுத்து முன்னால் வைத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். நீ போடு, நான் போடுகிறேன் என்று அர்த்தம்.

அவள் அந்தக் கடிதத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள். ஊருக்கு என்ன சொல்வது? ஆனால் வாசலில் கடைக்காரர் ஒரு நிமிடம் தாமதமாக ஓடியிருந்தால் அந்தப் பாட்டில் எந்த வீட்டுக்குப் போயிருக்கும்? அதைக் கொடுத்தது மாணவியின் கை. அந்தக் கையைக் கடைக்கு அனுப்பியது யார்?

கசங்கிய நகலை ஆய்வாளர் முன்னால் விரித்தாள்.

"என்னம்மா இது, காலியா இருக்கு?"

"ஆமா சார். அதுக்கு நான் அஞ்சு மார்க் போட்டிருக்கேன். படிக்கலை. அறுபத்து நாலு தாள்ல ஒண்ணைக்கூடப் படிக்கலை."

"மேடம்!" பொறுப்பாளர் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "மூட்டையைக் கட்டிக்குங்க."

ஆய்வாளர் முகம் சிவந்தது. "இது கல்லூரியோட உள் விவகாரம். என்னை எதுக்கும்மா நடுவுல இழுக்கறீங்க?"

"நீங்க நடுவுலதான் சார் இருக்கீங்க. போன வருஷமும் இதே மாதிரி ஒத்துப்போச்சு. ஒரு தாளைப் பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன், நீங்க ரெண்டு கலர் மையை நம்பினீங்க. வெளியில ஜனங்க உங்க முத்திரையை நம்பி மருந்து வாங்குறாங்க. ரெண்டு பேர் திருத்தணும்னு விதி வெச்சது ரெண்டு கையெழுத்துக்காக இல்லை சார், ரெண்டு பேராவது படிக்கணும்னுதான். படிக்காம போடுற பாஸ் மார்க் உதவி இல்லை, துரோகம். நாம யாருமே பார்க்காததை நேத்து இந்தப் பொண்ணு வேலை பார்த்த கடைக்காரர் பார்த்து, ஒரு குழந்தைக்குப் போக இருந்த தப்பு அளவு மருந்தைப் பிடுங்கினார். எல்லாக் கடையிலயும் அப்படி ஒருத்தர் இருக்க மாட்டார்."