பாலச்சந்திரன் வீட்டு ஹீற்றர்

பதினொரு மாரியாகப் பாலச்சந்திரன் வீட்டில், சுவரோரம் நின்று அறையைச் சூடாக்கும் ஹீற்றரின் மேல் மோர்மிளகாய் காய்ந்தது. சுவிஸ் வெயிலை நம்பி மோர்மிளகாய் போட முடியாது. ஹீற்றரை நம்பலாம். மிளகாய் அருமையாக வந்தது. ஹீற்றர் மட்டும் தேநீர் நிறத்துக்கு மாறியது.

இப்போது அட்லிஸ்விலில், கோயிலுக்குக் கிட்டப் புது வீடு சரிவந்திருந்தது. பழைய வீட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நிர்வாகம்; அதன் ஆள் வந்து பார்த்து, குறையில்லை என்று எழுதித் தந்தால்தான் புது வீட்டுச் சாவி கிடைக்கும்.

திங்கள் பாலச்சந்திரனுக்கு லீவு நாள். தானே களமிறங்கினார். ஹோட்டல் குசினியில் இருபது வருடம் நின்றவருக்கு ஒரு ஹீற்றர் பெரிய விடயமா? சூட்டை உச்சத்தில் திருகிவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெள்ளை அடித்தார்.

மகள் சாருஜா வேலை முடிந்து வந்தாள். பெயின்ரர் தொழிலை முறையாகப் படித்து, அதே வேலை செய்பவள். ஹீற்றரில் பெயின்ற் அப்பளமாகப் பொங்கி நின்றது.

"சூட்டிலயோ அடிச்சனீங்கள்?"

"ஓம். கெதியாக் காயட்டும் எண்டுதான்."

"ஆரப்பா சொன்னது?"

"மிளகாய் காயுது. பெயின்ற் காயாதோ?"

"காயேல்லை, பொரிஞ்சிருக்கு," என்றாள் மனைவி பத்மினி குசினியிலிருந்து. "சமையல்காரன் தொட்டால் அப்பிடித்தான்."

சாருஜா ஹீற்றரை நிறுத்தினாள். அடுத்த மூன்று மாலைகளும் அவளுடையவை. பொங்கியதைச் சுரண்டினாள், தேய்த்தாள், எண்ணெய்ப் பசை போகக் கழுவினாள், துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு அடித்தாள். கழுத்து வளைந்த நீளத் தூரிகை, வீடு கட்டிய நாளிலிருந்து எவரும் போகாத இடுக்குகளுக்குள் போய்த் திரும்பியது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. குளிர்ந்த வீட்டில் பாலச்சந்திரன் ஜாக்கெட்டும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்து பார்த்தார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் அது விருந்தாளிகளுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.

கடைசிப் பூச்சில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இது வெள்ளை இல்லையே, பிள்ளை. ஒரு மாதிரிப் பழசா இருக்கு."

"சுவரும் பழசுதானே அப்பா. ஹீற்றர் மினுங்கினால் சுவர் ஊத்தையாத் தெரியும். பாக்க வாற ஆளின்ர கண்ணில இது படவே கூடாது."

வெள்ளிக்கிழமை நிர்வாகத்து மனிதர் வந்தார். யன்னல்களைத் திறந்து மூடினார், அடுப்புக்குள் தலையை விட்டார், குளியலறை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஹீற்றரை, தெருவில் தெரியாதவரைக் கடப்பதுபோலக் கடந்தார். பிறகு படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தார்.

பாலச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாலை வேலை. மனுசன் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐயா," என்றார், தன் சுத்தமான ஜெர்மனில். "இந்த ஹீற்றரை நீங்கள் பாக்கேல்லை."

பத்மினி கண்ணை மூடினாள். சாருஜா அப்பாவின் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். நேரம் கடந்துவிட்டது. மனிதர் பேனையை மூடி, குந்தி, கண்ணாடி போட்டு, இடுக்கு இடுக்காக விளக்கு அடித்தார். அடியில் விரல் விட்டுத் தடவி, விரலையும் பார்த்தார்.

"இதில் என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை," என்றார் பாலச்சந்திரன், நெஞ்சு நிமிர. "அதைத்தான் பாக்கச் சொன்னனான். என்ர மகளின்ர வேலை."

மனிதர் அவரைப் பார்த்தார், சாருஜாவைப் பார்த்தார், மறுபடி ஹீற்றரைப் பார்த்தார். பிறகு குறையில்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு, தன் வீட்டு ஹீற்றர்கள் எத்தனை என்று சாருஜாவுக்குச் சொல்லத் தொடங்கினார்.