நான்கு சென்டிமீட்டர்

வத்தல்மலை நகர்கிறது என்று கண்டுபிடித்தவன் நான்.

மலைமேல் பாறையில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருந்தோம், பென்னாகரத்தில் இன்னொன்று. செயற்கைக்கோள்கள் கடந்துபோகும் சில மணி நேரம், இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் கருவி வைத்து அவற்றின் சமிக்ஞையைப் பதிவுசெய்தால், இரண்டு குமிழ்களுக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். 1986-இல் அளந்தோம். 1988-இல் மறுபடி அளந்தபோது நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அசையாத நிலம் என்று எல்லோரும் நம்பிய பகுதி அது. கட்டுரை வந்தது. நிறுவனத்தில் எனக்கென்று தனிப் பிரிவு தந்தார்கள்.

அந்த இரண்டாம் அளவையின்போது நான் பென்னாகரத்தில் இருந்துகொண்டு உதவியாளர் முனிராஜை மலைக்கு அனுப்பியிருந்தேன். 1989-இல் நானே ஏறினேன்.

குமிழுக்குக் காவலாக நாங்கள் அமர்த்தியிருந்த மாயவன் பாறையருகே காத்திருந்தார். அவர் மனைவி தீர்த்தம்மாள் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்திருந்தாள்.

குமிழ் வெயிலில் தகதகத்தது. மூன்று வருட மழைக்குப் பிறகு அது அப்படி இருக்கக் கூடாது.

"என்ன பண்ணுனீங்க, மாயவண்ணே?"

"பொங்கலுக்கு வூட்டுப் பித்தளயெல்லாம் புளி போட்டுத் தேய்ப்போம் இல்லீங்களா சார்? இதுவும் என் பொறுப்புதானேன்னு பேத்தெடுத்துத் தேய்ச்சு வெச்சேனுங்க. ரெண்டு வருசம் முந்தி. அப்புறம் வருசா வருசம் இங்கயே தேய்ச்சுடறேன்."

"எங்கூட்டுக் குடத்த ஒரு நாள் இப்பிடித் தேய்ச்சதில்ல. சர்க்காரு பித்தளன்னா மட்டும் கை வளையுது," என்றாள் தீர்த்தம்மாள்.

"பழைய குழி ஒடஞ்சு போச்சுங்க. பக்கத்துலயே புதுசாக் குடஞ்சு சிமிட்டி வெச்சேன். ஆட்டுனாலும் ஆடாது, பாருங்க."

குனிந்து பார்த்தேன். சிமெண்டால் அடைத்த பழைய குழி பக்கத்திலேயே இருந்தது. அளவுகோல் வைக்கத் தேவையிருக்கவில்லை.

கூழ் ஆறி ஆடை கட்டியது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்த ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

"முனிராஜுகிட்ட சொன்னியா?"

நான் ஒருமைக்கு இறங்கியதை அவர் கவனித்தார். "அவரு கேக்கலீங்க, சார்."

"வேற யாருகிட்டயாவது?"

"இல்லீங்க."

"சர்க்காரு பொருளப் பேத்தா ஜெயில். தெரியுமா?"

தீர்த்தம்மாள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துட்டு வா," என்றேன்.

அவர் கையாலேயே உடைக்க வைத்தேன். குமிழ் நசுங்கி, சிமெண்டும் பழைய குழியின் விளிம்பும் சில்லுகளாகும் வரை நிறுத்த விடவில்லை. எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளச் சொன்னேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"புதுசு வெக்கறப்ப நானே காவலுக்கு இருக்கலாங்களா, சார்?"

நான் பாறையில் உட்கார்ந்து, அவர் சொல்வதுபோல ஒரு தாளில் எழுதினேன்: வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோபத்தில், அளவைக் குறியை இந்த மாதம் நானே உடைத்தேன்.

மையை அவர் கட்டைவிரலில் நானே தடவினேன். தாளில் அழுத்திவிட்டு, தலைகீழாகவும் நேராகவும் அதைப் பார்த்தார்.

"என்னங்க எழுதியிருக்குது?"

"நீ நல்லா வேலை செஞ்சேன்னு."

"பாத்தியா?" என்று அவர் தீர்த்தம்மாளிடம் திரும்பினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்து வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.