அங்கிக்கு அடியில் இருந்த கால்

வார்ஸியா சேக்கா ஊரில் யாராவது அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பும்போதெல்லாம் இரானில்டி விழுந்தாள். நின்ற இடத்திலேயே, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, குப்புற. ரொட்டிக்கடை வரிசையில் விழுந்தாள். நற்கருணை வாங்கித் திரும்பும்போது பீடத்தின் முன் விழுந்து முன்பல்லில் பாதியை இழந்தாள். அந்த ஆண்டு மழை பொய்த்தது, தீவன விலை ஏறியது, ஊர்க் கால்பந்து அணி பக்கத்து ஊரிடம் தோற்றது. ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வார்த்தைக்குப் பதிலாக அந்த அசையும் படத்தைப் போட்டார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. தான் அனுப்பும் ஒரு தடவையால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

படத்தைச் செய்தவன் தீவனக்கடை அடாவுட்டோ. அவளைப் பெண் கேட்டு, வேண்டாம் என்ற பதிலை வாங்கியவன். ஜூன் மாதப் புனித யோவான் திருவிழாவில், கூட்டு நடனத்துக்கு முன்னால் நடக்கும் பொய்க் கல்யாணத்தில், அவள் மணப்பெண்ணாகவும் அவன் பாதிரியாராகவும் வேடம் கட்டினார்கள். சோளம் சுடும் புகைக்கு நடுவே அவள் காகித முக்காட்டோடு நடந்துவந்து, பாதிரியாரின் காலடியில் விழுந்தாள். ஊர் சிரித்தது. முன்கூட்டியே ஒரு கம்பத்தில் கட்டிவைத்திருந்த கைபேசியிலிருந்து அடாவுட்டோ மூன்று விநாடியை மட்டும் வெட்டி எடுத்தான். முடிவையும் தொடக்கத்தையும் தையல் தெரியாமல் ஒட்டினான். படத்தில் அவள் விழுந்தாள், மறுபடி நடந்துவந்தாள், மறுபடி விழுந்தாள். சத்தமில்லை. அவனும் அதில் இல்லை.

இரானில்டி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். இன்னும் தவழத் தொடங்காத குழந்தைகள் அவள் பொறுப்பில் இருந்தார்கள். காப்பகத் தலைவி டோனா எவுரிடிசி கெட்டவள் அல்ல. “தாயி, நீ விழுந்தா எந்திரிச்சுக்குவ. உன் கையில இருக்கிற பிள்ளை எந்திரிக்காதுல்ல,” என்றாள். இரானில்டி தன் ஏப்ரனை மடித்து மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து தரையில்தான் உட்கார்ந்தாள்.

அவளுடைய அக்கா சுலேய்கா ஊருக்குக் காலை வணக்கப் படங்கள் செய்து அனுப்புபவள். ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, மின்னும் ரோஜா, கண் சிமிட்டும் அந்தோணியார். படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தவள் என்பதால், படத்துக்குள் இல்லாததைத் தேடினாள். அடுத்த மழைக்காலத்தில் அது கிடைத்தது. அக்கார்டியன் வாசிப்பவரின் மனைவி, புருஷன் மேல் உள்ள பெருமையில், திருவிழா முழுவதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து படம் பிடித்திருந்தாள். அதன் மூலையில், பாதிரியாரின் அங்கிக்கு அடியிலிருந்து ஒரு கால் நீள்கிறது. இரானில்டி இடறி விழுகிறாள். அவள் முழங்கை பட்டு, இஞ்சியும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்த சாராயப் பானை சாய்கிறது. அந்தக் காலின் மேல் கொட்டுகிறது. பாதிரியார் வாயைப் பிளந்துகொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறார். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் அவர் குதித்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஜாவுக்குப் பதிலாக, சுலேய்கா அந்த மூலையை வெட்டிச் செய்த படம் ஊருக்கு வந்தது. அப்போது அடாவுட்டோ கோவிலில் நின்று வாசகம் வாசித்துக்கொண்டிருந்தான். நகர சபைத் தேர்தலில் நிற்கும் யோசனை அவனுக்கு இருந்தது. அவன் வலது கால் தானாக நீண்டது. பிறகு அவன் குதித்தான். கோவில் முழுக்க இஞ்சி வாசம் வந்தது. காலணியைக் கழற்றியபோது பாதம் கொப்பளித்திருந்தது. கூடுதலாகச் சிரிக்க வைப்பது குறைவாகச் சிரிக்க வைப்பதை அழித்துவிடும் என்பதால், வாரக்கடைசிக்குள் பழைய படம் ஊரை விட்டே போய்விட்டது.

ஆனால் புதிய படத்திலும் இரானில்டி விழுந்தாள். சுலேய்கா படத்திலிருந்து அவளை மட்டும் நீக்கிவிட்டு ஒன்று செய்து பார்த்தாள். பானை சாயவில்லை. அடாவுட்டோ கடை வாசலில் காலை நீட்டினான், மடக்கினான், சிகரெட் பற்றவைத்தான்.

“நீ விழாம அவனுக்குச் சுடாதுடி,” என்றாள் சுலேய்கா. “விட்ருவமா?”

காப்பி ஆறி ஆடை கட்டியது.

“மெத்தை ஒண்ணு வாங்குக்கா,” என்றாள்.

ஊரில் எல்லோரும் தூளிபோலக் கட்டிய தொங்குபடுக்கையில் படுப்பவர்கள். மெத்தை கம்பினா கிராண்டி நகரத்திலிருந்து லாரியில் வந்தது. இரானில்டி அதன் நடுவில் உட்கார்ந்து, தானே படத்தை அனுப்பினாள். அக்காவுக்கு அனுப்பினாள், அக்கா திருப்பி அனுப்பினாள். ஊரார் தேர்தல் கூட்டத்தின்போது அனுப்பினார்கள். அடாவுட்டோ மேடையில் குதித்துத் தோற்றான்.

பிறகு அவன் ஊன்றுகோலோடு அவர்கள் வாசலுக்கு வந்தான்.

“இரா, போதும்மா. நான் செஞ்சது தப்புதான். விளையாட்டுக்குச் செஞ்சேன்.”

“நானும் விளையாட்டுக்குத்தான் செய்றேன். சிரிக்கலையா நீ? ஊரே சிரிக்குதே.”

“காலு அழுகிடும்ங்கிறாங்க. கொஞ்சம் பாவம் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவ பாக்கிறேன் தெரியுமா?”

அவன் சுலேய்காவைத் திரும்பிப் பார்த்தான். “நீயாச்சும் சொல்லேன், பெரியவளே.”

“படியில பாத்து எறங்குங்க, பாதர்,” என்றாள் சுலேய்கா.

அடாவுட்டோ கடையை விற்றுவிட்டுக் கடற்கரை நகரம் ரெசிஃபெக்குப் போனான். தூரம் உதவவில்லை. ஆனால் எந்தச் சிரிப்பும் மூன்று திருவிழாவுக்கு மேல் தாங்காது. ஊர் வேறு படங்களுக்குப் போனது, சுலேய்கா ரோஜாவுக்குத் திரும்பினாள். ஒரு வாரம் முழுக்க இரானில்டி விழவில்லை. அந்தச் செய்தி கேட்டு டோனா எவுரிடிசி பழைய ஏப்ரனோடு வந்தாள். “இனி யாரும் அனுப்ப மாட்டாங்க தாயி. நீ மட்டும் விட்டுட்டா முடிஞ்சுது.”

இரானில்டி அந்தச் சாயங்காலம் முழுவதும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டால் அவன் ரெசிஃபெயில் யாரோ நல்ல மனிதன் என்று பெயர் எடுத்துவிடுவான் என்று தோன்றியது. விடாவிட்டால் காப்பகத்துக் குழந்தைகள் இல்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தவளுக்கு, தராசு எதற்கு என்று பட்டது.

மறுநாள் வேலைக்குப் போனாள். குழந்தைகளைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ஏப்பம் வர முதுகில் தட்டினாள். மதியம், கடைசிக் குழந்தையும் பாயில் படுத்துத் தூங்கிய பிறகு, கை காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாய்களுக்கு நடுவே, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் மெத்தையில் உட்கார்ந்து, படத்தை அக்காவுக்கு ஒரே ஒரு தடவை அனுப்பினாள். சத்தமில்லாமல் விழுந்தாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, பால் புட்டிகளைக் கழுவப் போனாள்.

இன்றும் அப்படித்தான். ரெசிஃபெயில் ஒரு சந்தில், மதியம் ஊன்றுகோல்காரன் ஒருவன் குதிக்கும் சத்தம் கேட்டதும் பெண்கள் பயற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள். கடிகாரத்தைவிட அது சரியாக இருக்கிறது என்கிறார்கள். இங்கே காப்பகத்தில், தூக்கம் வராமல் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரும் மதியத்தில் ஒரு தடவை விழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள்.