ஏழும் ஏழும்

குடவாசல் பக்கத்தில் உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்தபோது, அம்சத்துக்கும் காத்தானுக்கும் அடுத்தடுத்து அரை அரை ஏக்கர் விழுந்தது. அதுவரை இரண்டு பேரும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். ஒரே தெரு. ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கூலி உயர்வு கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் இருந்தபோது, காத்தான் மட்டும் மிராசுதார் வயலில் அறுக்கப் போய்விட்டான். கொடி பிடித்து முன்னால் நின்ற அம்சம் அதை மறக்கவில்லை.

அதனால் இருவருக்கும் பொதுவாக ஒரு வரப்பு போதவில்லை. அவன் தன் பக்கம் ஒன்று போட்டான். இவள் தன் பக்கம் ஒன்று போட்டாள். நடுவில் ஒரு முழ அகலம் புல் மண்டிக் கிடந்தது.

முதல் சம்பாவில் ஆளுக்கு ஏழு மூட்டை கண்டது. சொந்த நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்து அம்சம் பூரித்துப்போனாள். வாய்க்காலுக்கு மேற்கே ஒரே துண்டாக ஒரு ஏக்கர் வைத்திருந்த மருதையனுக்குப் பதினாறு வந்தது என்று கேள்விப்பட்ட பிறகுதான் உறுத்தியது.

ஏழும் ஏழும் பதினாலுதானே? அதே மண், அதே தண்ணீர், அதே விதை. இரண்டு மூட்டை எங்கே போயிற்று?

மறுநாள் காலை வரப்போரமாகக் குனிந்து நடந்தாள். இரண்டு வரப்பும் சல்லடையாக எலி வளை. காத்தான் எதிர்ப்பக்கம் எரு கொட்டிக்கொண்டிருந்தான்.

"காத்தான், மம்பட்டிய எடுத்துக்கிட்டு இங்க வா" என்றாள்.

அவன் திகைத்து நின்றுவிட்டு ஓடி வந்தான். வெட்ட வெட்ட, வளைக்குள் திணித்து வைத்த கதிர்கள் கொத்துக் கொத்தாக வந்தன.

"அக்கா, இதுல எது உன்னுது, எது என்னுது?"

"எலியத்தான் கேக்கணும்."

காத்தானின் மனைவி தங்கம்மாள் கதிரைக் கசக்கிப் புடைத்தபோது, எலி தின்றது போக இரண்டு மரக்கால் நெல் தேறியது.

"ரெண்டு வரப்பையும் எடுத்துடலாம்" என்றாள் அம்சம்.

"எடுத்துட்டா யாருது எதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றாள் தங்கம்மாள்.

"சர்வேயர் நட்ட கல்லு ரெண்டு முனையிலயும் நிக்குதுல்ல? கயிறு புடிச்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

உச்சிவரை வெட்டினார்கள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்தான் சொன்னான்: "அன்னிக்குப் புள்ளைக்கு நெருப்பா காய்ச்சல்க்கா. வூட்ல ஒரு மணி அரிசி இல்ல. அதான் போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அம்சம். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, கஞ்சியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த தை மாதம் இரண்டு வயலையும் சேர்த்து அறுத்துக் களத்தில் மூட்டை கட்டியபோது, பதினாறு வரும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். பதினேழு நின்றது. காத்தான் நம்பாமல் மறுபடி எண்ணினான். மருதையனும் வந்து தொட்டுத் தொட்டு எண்ணினான், பதினேழுதான்.

"ஆளுக்கு எட்டு போக இந்த ஒண்ண நீயே வச்சுக்கக்கா."

"எனக்கு எதுக்கு? ஒத்த வயிறு. உனக்குத்தான் நாலு புள்ளைங்க."

தங்கம்மாள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, மரக்காலால் சரிபாதி அளக்க ஆரம்பித்துவிட்டாள்.